ஏற்றத்தாழ்வு மனித இயல்பா? - தொல்லியல் சொல்லும் பதில்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கும். "கையில அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?" டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் படித்தவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். "ஏற்றத்தாழ்வு இல்லாத சமூகம் உலகத்தில் எங்கே இருந்தது? மனிதன் தோன்றிய நாளிலிருந்து மேல் கீழ் இருக்கத்தான் செய்கிறது. இங்கே அதற்குச் சாதி என்று பெயர், அவ்வளவுதான்."

விரல் கதைக்குப் பதில் சொல்வது எளிது. ஐந்து விரலும் ஒரே நீளம் இல்லைதான். ஆனால் சுண்டு விரல் தொட்டுவிட்டால் தீட்டு என்று எந்த மோதிர விரலும் சொல்வதில்லை. இரண்டாவது பதிலை அப்படிக் கடந்துவிட முடியாது. அது வரலாற்றைப் பற்றிய ஒரு கூற்று. வரலாற்றைப் பற்றிய கூற்று என்றால் ஆதாரம் கேட்கலாம், மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம். இன்று நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கப் போகிறோம். மேல் கீழ் என்பது எப்போது வந்தது? சாதி அதில் ஒரு வகை மட்டும்தானா?

முதலில் காலத்தின் அளவைப் பிடித்துக்கொள்வோம். நம்முடைய இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. நமக்கு முந்தைய மனித இனங்களின் கதை இன்னும் நீளம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கே சுமார் 15 லட்சம் ஆண்டு வயது. அதையெல்லாம் விட்டுவிட்டு நம் இனத்தின் 3 லட்சம் ஆண்டுகளை மட்டும் ஒரு நாளாக, 24 மணி நேரமாக, சுருக்கிப் பாருங்கள். விவசாயம் தொடங்கியது கடைசி 55 நிமிடத்தில். முதல் எழுத்து தோன்றியது கடைசி 25 நிமிடத்தில். மீதி 23 மணி நேரம் மனிதர்கள் சிறு சிறு கூட்டங்களாக வேட்டையாடியும் கிழங்கு, கொட்டை, பழம் சேகரித்தும் வாழ்ந்தார்கள். இயல்பு என்ற சொல்லை எந்தக் காலத்துக்காவது கொடுப்பதென்றால் அந்த 23 மணி நேரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சூடான் நாட்டின் ஜெபல் சஹாபா இடுகாட்டில் 13,000 ஆண்டுகளுக்கும் முன் புதைக்கப்பட்ட 61 பேரின் எலும்புகள் கிடைத்தன. பாதிக்கும் மேற்பட்டோரின் எலும்புகளில் ஆயுதக் காயங்களின் தடம் இருக்கிறது. சண்டை இருந்தது, கொலை இருந்தது. பரிவும் இருந்தது. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் உள்ள சானிதார் குகையில் 1950களில் ரால்ஃப் சொலெக்கி ஒரு நியாண்டர்தால் ஆணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். முகத்தில் விழுந்த அடியால் ஒரு கண்ணில் பார்வை போயிருக்க வேண்டும். வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. நடையும் சரியில்லை. அத்தனை காயங்களும் ஆறிய பிறகு அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, நாற்பது வயதைத் தாண்டி இறந்திருக்கிறார். வேட்டையாடிப் பிழைத்த ஒரு கூட்டத்தில் வேட்டைக்குப் போக முடியாத ஒருவர் அத்தனை காலம் வாழ வேண்டுமானால், யாரோ அவருக்குச் சோறு போட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். ரஷ்யாவின் சுங்கீர் என்ற இடத்தில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகள் இருக்கின்றன. ஒரு குழியில் இரண்டு சிறுவர்கள். அவர்களோடு மாமதயானைத் தந்தத்தில் செதுக்கிய 10,000க்கும் மேற்பட்ட மணிகள். அந்த வயதுப் பிள்ளைகள் சாதனை செய்து இந்த மரியாதையைச் சம்பாதித்திருக்க முடியாது. அப்படியானால் அன்றே பிறப்பால் வரும் உயர்வு இருந்ததா? கேள்வி சரியானது. ஆனால் அந்தக் குழியைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய வீடு இல்லை, களஞ்சியம் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் செல்வக் குடும்பத்தின் இடுகாடு இல்லை. அந்தச் சிறுவர்களில் ஒருவரின் தொடை எலும்புகள் பிறவியிலேயே வளைந்திருந்தன. ஒரு பிள்ளையைக் கொண்டாடிப் புதைப்பது வேறு, ஒரு குலத்தையே மேலே தூக்கி வைப்பது வேறு. முதலாவதற்குச் சான்று இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.

அடுத்த வாதம், "சரி, சின்னக் கூட்டத்தில் சமத்துவம் சாத்தியம். பெரிய வேலை நடக்க வேண்டுமென்றால் சாட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா?" என்பது. துருக்கியின் தென்கிழக்கில் கோபெக்லி தெபே என்ற குன்று இருக்கிறது. 1995இலிருந்து கிளாஸ் ஷ்மித் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. கி.மு. 9500 வாக்கில் நிறுத்தப்பட்ட கல் தூண்கள் கிடைத்தன. சில தூண்கள் ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். நரி, பாம்பு, கழுகு, தேள் என்று அவற்றில் புடைப்புச் சிற்பங்கள். இதைச் செய்தவர்களிடம் பயிரிட்ட தானியம் இல்லை, வளர்ப்பு ஆடுமாடு இல்லை. அங்கே கிடைத்தவை காட்டு விலங்குகளின் எலும்புகள். அரண்மனை எதுவும் இல்லை. வேட்டையாடிச் சேகரித்து வாழ்ந்தவர்கள் கூடி, கல் வெட்டி, இழுத்து, நிறுத்தி, சேர்ந்து விருந்து உண்டிருக்கிறார்கள். அரசனுக்கு முன்பே கூட்டுழைப்பு இருந்தது.

அப்படியானால் விவசாயம்தான் குற்றவாளியா? நம் தோழர்களில் பலர் இப்படித்தான் சொல்வார்கள். விவசாயம் வந்தது, உபரி வந்தது, தனிச்சொத்து வந்தது, வர்க்கம் வந்தது. பெரும்போக்காக இது தவறில்லை. ஆனால் இடையில் பல ஆயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளிதான் நமக்கு முக்கியம். மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும் பயிராகத் தொடங்கியது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். முதல் அரசுகள் எழுந்தது அதற்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. நடுவில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

துருக்கியின் கொன்யா சமவெளியில் உள்ள சாத்தல் ஹூயூக் அதற்கு ஒரு பதில். 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட்டும், 1993இலிருந்து கால் நூற்றாண்டு காலம் இயன் ஹாடரின் குழுவும் தோண்டிய இடம். கி.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தெரு கிடையாது. கூரையில் நடந்துபோய், ஏணி வைத்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். அரண்மனை இல்லை, பொதுக் களஞ்சியம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் அடுப்பு, அவரவர் குதிர். சில வீடுகளில் அதிகம் பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அலங்காரம் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் தானியம் கூடுதலாகச் சேர்த்த தடயம் இல்லை. ஆண்களும் பெண்களும் கிட்டத்தட்ட ஒரே உணவைத்தான் சாப்பிட்டார்கள் என்று எலும்பின் வேதியியல் சொல்கிறது. அடுப்புப் புகையின் கரி இரு பாலரின் விலா எலும்புகளிலும் படிந்திருக்கிறது. இன்னொன்று, வீட்டுத் தரைக்கடியில் ஒன்றாகப் புதைக்கப்பட்ட பிள்ளைகளின் மரபணுவைப் பார்த்தபோது, பலருக்கு இடையில் நெருங்கிய இரத்த உறவே இல்லை. ஒரே வீட்டில் அடக்கமாவதற்கு ஒரே இரத்தம் தேவைப்படவில்லை.

ஆக, விதைத்தவுடன் யாரும் அடிமையாகிவிடவில்லை. பிறகு என்ன மாறியது?

யூப்ரடீஸ் ஆற்றங்கரைக்கு வருவோம். கி.மு. 3300 வாக்கில் தெற்கு மெசபடோமியாவின் உருக் நகரத்தில் பல பத்தாயிரம் பேர் வாழ்ந்தார்கள். உலகின் முதல் பெருநகரம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே தானியம் வீட்டுக் குதிரிலிருந்து கோயில் களஞ்சியத்துக்குப் போனது. பார்லியும் கோதுமையும் ஒரே பருவத்தில் முற்றும், கண்ணுக்குத் தெரியும்படி தரைக்கு மேலே நிற்கும், அளக்கலாம், சேமிக்கலாம், தூக்கிக்கொண்டு போகலாம். வரி வசூலிக்க வந்தவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஜேம்ஸ் ஸ்காட் என்ற அறிஞர் 2017இல் எழுதிய நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். விவசாயம் மட்டும் அரசை உருவாக்கவில்லை, எண்ணிப் பறிக்க வசதியான தானியம் அதற்கு வழி செய்தது.

எண்ணுவதற்குத்தான் எழுத்தும் வந்தது. உருக்கில் கிடைத்த தொடக்ககாலக் களிமண் பலகைகள் ஐந்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் காதல் கவிதை இல்லை, கடவுள் துதி இல்லை. மிகப் பெரும்பாலானவை கணக்கு. எவ்வளவு பார்லி வந்தது, எவ்வளவு பீர் போனது, யாருக்கு எத்தனை படி. மீதியில் முக்கியமானது ஒரு சொற்பட்டியல். பதவிகளையும் தொழில்களையும், மேலே இருப்பவரில் தொடங்கி வரிசையாக எழுதிய பட்டியல். எழுதக் கற்ற மாணவர்கள் அதைப் பல நூற்றாண்டுகள் பார்த்து எழுதிப் பழகினார்கள். யார் மேலே, யார் கீழே என்பதுதான் முதல் பள்ளிக்கூடப் பாடம்.

அந்த எழுத்தில் அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறி எப்படி உருவானது தெரியுமா? பெண் என்ற குறியையும் மலை என்ற குறியையும் சேர்த்தார்கள். மலை என்றால் அயல்நாடு. சமவெளி நகரங்கள் மலைப்பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண்கள். பிற்காலத்தில், கி.மு. 2100ஐ ஒட்டிய ஊர் நகர அரசர்களின் ஆட்சியில், ஆயிரக்கணக்கான பெண்கள் அரசு நெசவுக்கூடங்களில் வேலை செய்தார்கள். கூலிக் கணக்கு பலகையில் இருக்கிறது. ஆணுக்கு மாதம் சுமார் 60 லிட்டர் பார்லி, பெண்ணுக்கு 30. சாத்தல் ஹூயூக்கில் ஒரே உணவைச் சாப்பிட்டவர்கள் இங்கே பாதிப் படிக்கு இறங்கியிருக்கிறார்கள். நாகரிகத்தின் தொடக்கம் என்று இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதே ஊர் நகரத்தில், அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய அரச கல்லறைகளை 1920களில் லியோனார்ட் வூலி தோண்டினார். ஒரு குழியில் மட்டும் 74 உடல்கள். 68 பெண்கள், 6 ஆண்கள். தலையில் பொன்னும் நீலக்கல்லும் அணிந்து வரிசையாகக் கிடந்தார்கள். எசமானரோடு மறுவுலகம் போவதற்காக இவர்கள் தாங்களாகவே நஞ்சருந்தி அமைதியாகப் படுத்திருக்க வேண்டும் என்று வூலி எழுதினார். பல பத்தாண்டுகள் உலகம் அந்தக் கதையை ரசித்தது. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு மண்டையோடுகளை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கூர்மையான ஆயுதத்தால் தலையில் ஓங்கி அடித்த ஓட்டை இருந்தது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "அவர்களே விரும்பித்தான் செய்தார்கள்." இந்த வாக்கியம் நமக்குப் புதிதில்லை. மலக்குழிக்குள் இறங்குகிறவரைப் பற்றி, சாவுக்குப் பறை அடிக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறவரைப் பற்றி, "அது அவங்க பரம்பரைத் தொழில், அவங்களே சந்தோஷமாத்தான் செய்றாங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஒடுக்கப்பட்டவரின் சம்மதத்தைப் பற்றி மற்றவர்கள் கதை சொல்லும்போது மண்டையோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை ஊர் நகரம் நமக்குச் சொல்லித் தருகிறது.

எதிர்ப்பும் அன்றே இருந்தது. கடனால் அடிமையானவர்களை விடுவித்து வீட்டுக்கு அனுப்பும் ஆணைகளைச் சுமேரிய அரசர்கள் அவ்வப்போது வெளியிட வேண்டியிருந்தது. அந்த விடுதலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'அமர்கி'. நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல். எகிப்தில் மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் தானியக் கூலி வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஆவணத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான். பசிக்கிறது என்று அவர்கள் சொன்னது பாப்பிரஸ் தாளில் இருக்கிறது. ஏற்றத்தாழ்வு இயல்பாக இருந்திருந்தால் அதற்கு இத்தனை எதிர்ப்பு எதற்கு, இத்தனை காவல் எதற்கு?

இப்போது இரண்டாவது கேள்வி. சாதி இதன் இந்தியப் பெயர் மட்டும்தானா?

ஹமுராபியின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கி.மு. 1750ஐ ஒட்டியது. அப்பட்டமான வர்க்கச் சட்டம். மேல்தட்டு மனிதனின் கண்ணைப் பறித்தால் பறித்தவன் கண் போகும். சாமானியனின் கண்ணைப் பறித்தால் வெள்ளி அபராதம். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. ஆனால் அதே சட்டத்தின் 175ஆம் பிரிவைப் படியுங்கள். அரண்மனையின் அடிமையோ சாமானியன் ஒருவனின் அடிமையோ மேல்தட்டு மனிதனின் மகளைத் திருமணம் செய்தால், பிறக்கும் பிள்ளைகளை அடிமை என்று எசமானன் உரிமை கோர முடியாது. அடிமைக்கும் எசமான வர்க்கத்துப் பெண்ணுக்கும் திருமணம் நடக்கும் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. பிள்ளை சுதந்திர மனிதன் என்றும் சொல்கிறது.

இதன் பக்கத்தில் மனுஸ்மிருதியை வையுங்கள். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளையை அது சண்டாளர் என்று வகைப்படுத்துகிறது. ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்கிறது. பாபிலோனின் அடிமைக்குப் பிறந்த பிள்ளைக்குத் திறந்த கதவு இங்கே ஆணியடித்து மூடப்படுகிறது. பாபிலோன் நல்ல ஊர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடிமைமுறை கொடுமைதான். ஆனால் அதிலிருந்து வெளியேற வழி இருந்தது. கடன் தீர்ந்தால், விலை கொடுத்தால், மணம் செய்தால் நிலை மாறும். சாதி மாறாது. அந்த மாறாமையை எது காக்கிறது?

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் 25 வயது ஆய்வு மாணவர் ஒருவர் இதற்குப் பதில் சொன்னார். அண்ணல் அம்பேத்கர். 'இந்தியாவில் சாதிகள்' என்ற அந்தக் கட்டுரையின் மையம், அகமணமுறைதான் சாதியின் உயிர் என்பது. அதற்கு முன் குழுக்கள் கலந்து மணந்துகொண்டிருந்த சமூகத்தின் மேல் இந்த அகமணமுறை பின்னால் ஏற்றப்பட்டது என்றும் சொன்னார். 97 ஆண்டுகள் கழித்து, 2013இல், ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு அறிஞர்களும் சேர்ந்து இந்தியாவின் 73 குழுக்களின் மரபணுவை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் வெவ்வேறு மக்கள் பெருமளவில் கலந்தார்கள். மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள், பழங்குடிகள் என்று ஏறத்தாழ எல்லோரிடமும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதன் பிறகு கதவுகள் மூடிக்கொண்டன. முதலில் கலப்பு, பிறகு அடைப்பு. அம்பேத்கர் மணமுறைகளை வைத்துச் சொன்ன வரிசையை மரபணு உறுதி செய்தது.

நம் 24 மணி நேரக் கடிகாரத்தில் 1,900 ஆண்டுகள் என்பது கடைசி ஒன்பது நிமிடம்.

அதற்கும் முன்னால், கி.மு. 2600 முதல் 1900 வரை, சிந்து வெளியில் பெருநகரங்கள் இருந்தன. மொகஞ்சதாரோவில் செங்கல் வீடுகள், குளியலறைகள், நூற்றுக்கணக்கான கிணறுகள், மூடிய கழிவுநீர்க் கால்வாய்கள். நூறு ஆண்டுகள் தோண்டியும் அரசனின் அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் கிடைக்கவில்லை, ஊர் நகரத்தைப் போன்ற அரச கல்லறை கிடைக்கவில்லை. 17.5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிலைக்குப் 'பூசாரி அரசன்' என்று பெயர் வைத்தது நவீன தொல்லியலாளர்கள்தான். பெரிய நகரம் என்றால் அரசன் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை வைத்த பெயர் அது. ஆடம் கிரீன் போன்ற ஆய்வாளர்கள் இன்று அதைக் கேள்வி கேட்கிறார்கள். இதை வைத்து முன்னோர் பெருமை பேச வேண்டாம். அந்தக் கால்வாய்களில் இறங்கிச் சகதியை அள்ளியவர்களும் இருந்திருப்பார்கள். பெருநகரம் நடத்த வானளாவிய சிம்மாசனம் தேவையில்லை என்பதற்கு மட்டும் அது சான்று. அதுவே நமக்குப் போதும்.

முடிக்கிறேன். "எல்லாக் காலத்திலும் இருந்ததுதானே" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எந்தக் காலத்தில், எந்த ஊரில் என்று திருப்பிக் கேளுங்கள். கோபெக்லி தெபேயிலா? சாத்தல் ஹூயூக்கிலா? ஏற்றத்தாழ்வு குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட காலத்தில், களஞ்சியத்தையும் கணக்கையும் ஆயுதத்தையும் சிலர் கைப்பற்றியதால் வந்தது. சாதி அதற்கும் வெகுகாலம் கழித்து, திருமணத்தைப் பூட்டியதால் வந்தது.

அந்தப் பூட்டு ஒருமுறை போட்டுவிட்டுத் தூர எறிந்த பூட்டு இல்லை. ஒவ்வொரு தலைமுறையும், ஒவ்வொரு குடும்பமும், வரன் பார்க்கும்போது அதை மறுபடியும் போட்டுப் பூட்டினால்தான் சாதி அடுத்த தலைமுறைக்குப் போகும். மறுத்தவர்களை இதே தமிழ்நாட்டில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்கிறார்கள். இயல்பான ஒன்றைக் காப்பாற்ற அரிவாள் எதற்கு? இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் வீட்டில் வரன் பார்ப்பார்கள். ஜாதகத்தோடு சாதிப் பெயரும் வரும். அன்றைக்கு என்ன சொல்லப் போகிறோம் என்பதை இன்றே யோசித்து வைப்போம்.